பச்சை அட்டையின் பூர்வோத்தரம்

பச்சை அட்டை என்று பெயரே ஒழிய, அது அட்டையும் அன்று. இப்போது பச்சையும் அன்று. ஐரோப்பாவில் ஒரு தேசத்து மோட்டார் வண்டி எல்லை தாண்டி இன்னொரு தேசத்துக்குள் பிரவேசிக்கும்போது, அந்த வண்டியால் அங்கே யாருக்கேனும் தீங்கு நேர்ந்தால் அதற்குரிய நஷ்டஈட்டுக்குத் தாங்கள் ஜவாப்தாரி என்று வண்டிக்காரரின் சொந்த ஊர் இன்ஷூரன்ஸ் கம்பெனியார் எழுதிக் கொடுக்கும் ஒற்றைத் தாள் அது. எழுபது வருஷத்துக்குச் சற்றுக் குறைந்த காலம் பச்சைக் காகிதத்திலேயே அச்சாகி வந்த அந்தத் தாளை, 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து சாதாரண வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மையினால் அச்சிட்டாலும் செல்லும் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஆயினும், கரும்பலகைக்குப் பச்சை வர்ணம் பூசிய பிறகும் நம் பள்ளிக்கூடங்களில் அது கரும்பலகையாகவே இருந்து வருவதுபோல, வெள்ளைத் தாளில் வந்த பச்சை அட்டையும் பச்சை அட்டையாகவே இருந்து வருகிறது.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தால், வண்டியின் பதிவு எண்ணும் சொந்தக்காரரின் பெயரும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் ஒருபுறம் இருக்க, கண்ணில் உடனே படுவது வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தேசத்தின் அடையாள எழுத்து. 'டி' என்றால் ஜெர்மனி. தங்கள் தேசத்தை அவர்கள் டாய்ச்லாந்து என்கிறார்கள். 'ஈ' என்றால் எஸ்பான்யா, அதாவது ஸ்பெயின். 'சி.எச்.' என்பது ஸ்விட்ஜர்லாந்து: நான்கு பாஷைகள் வழங்கும் அந்தத் தேசத்தில் எந்தப் பாஷைக்காரரும் மனம் கோணாதிருக்கும் பொருட்டு, யாருக்கும் தாய்மொழியாக இல்லாத லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டதன் விளைவு. எந்தத் தேசத்தில் கம்பெனியின் உத்தரவாதம் கிடையாதோ அந்தக் கட்டத்தின்மேல் ஒரு குறுக்குக்கோடு போட்டுவிடுவார்கள். அந்தக் கோடுதான் அந்தத் தாளில் பிரயாணி கவனிக்க வேண்டிய முதல் விஷயம். ஐரோப்பாவோடு நின்றுவிடாமல் துருக்கி, மொராக்கோ, துனிசியா ஆகிய தேசங்களும், ராஜதந்திரிகள் ஒரே மேஜையில் உட்கார வைக்க முடியாத ஈரானும் இஸ்ரேலும் அந்தக் கட்டங்களில் அடுத்தடுத்து இடம்பெற்றிருப்பதைக் காணும்போது, உலகத்தில் இன்ஷூரன்ஸ்காரர்கள் சாதித்ததைச் சில சமயம் மந்திரிமார்களால் சாதிக்க முடிவதில்லை என்றே தோன்றுகிறது.

மோட்டார் வண்டி பிறந்த சில வருஷங்களிலேயே அது எல்லை தாண்டத் தொடங்கிவிட்டது. பாரிஸ் நகரில் 1909 அக்டோபர் 11-ஆம் தேதி கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை, அந்நிய தேசத்தில் வண்டி ஓட்டுவதற்கு ஒரு சர்வதேசச் சான்றிதழையும், வண்டியின் பின்புறம் மாட்டிக்கொள்ள நீள்வட்டத் தகட்டில் தேசத்தின் அடையாள எழுத்தையும் ஏற்படுத்தியது. அதே காலத்தில் வழக்கத்துக்கு வந்த இன்னொரு பத்திரம் டிரிப்டிக் என்பது. மூன்று பகுதிகளாக மடிந்த அந்தப் பத்திரத்தின் ஒரு பகுதியை நுழைகிற சுங்கச்சாவடியிலும், இன்னொன்றை வெளியேறுகிற சாவடியிலும் கிழித்துக்கொள்வார்கள். மூன்றாவது பிரயாணியிடம் நிற்கும். வந்த வண்டி திரும்பிப் போகாமல் உள்ளூரிலேயே ரகசியமாக விலைபோய்விட்டால் சர்க்காருக்குச் சேர வேண்டிய தீர்வை என்ன ஆவது என்ற கவலைக்கு அது பரிகாரம். மோட்டார் கிளப்புகள் அந்தத் தீர்வைக்கு ஜாமீன் நின்றன. ஆக, வந்தவன் வண்டியை விற்றுவிட்டுப் போய்விடுவானோ என்ற பயத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருந்து கண்டுபிடித்த ராஜாங்கங்கள், வந்தவன் ஒருவனுடைய காலை ஒடித்துவிட்டுப் போய்விடுவானோ என்ற பயத்துக்கு மருந்து காண்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டன. சர்க்காரின் வரவு முன்னால், ஜனங்களின் எலும்பு பின்னால் என்ற இந்த வரிசை எந்த ஒரு தேசத்துக்கும் தனிச்சொத்து அன்று.

லியோன் நகரத்தில் ஒரு ரொட்டிக்காரர் விடியற்காலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார் என்றும், மிலான் நகரத்திலிருந்து வந்த ஒரு கனவான் தம்முடைய காரினால் அவரை இடித்துத் தள்ளிவிட்டு, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வீடு சேர்ந்துவிட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். காலில் கட்டுப் போட்ட ரொட்டிக்காரர் செய்யக்கூடியதென்ன? மிலான் கோர்ட்டில், இத்தாலிய வக்கீலை வைத்து, தமக்குத் தெரியாத பாஷையில், தமக்குத் தெரியாத சட்டத்தின் கீழ்ப் பிராது தொடர வேண்டும். ஜயித்தாலும் எதிராளிக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா என்பது வேறு கேள்வி. இந்த அநியாயத்தை உத்தேசித்து, ஸ்வீடன் 1929-லும், ஸ்விட்ஜர்லாந்து 1932-லும், ஜெர்மனி 1939-லும் மூன்றாம் மனிதருக்கு நேரும் தீங்குக்கு இன்ஷூரன்ஸ் செய்துகொள்வதைக் கட்டாயமாக்கின. பிரிட்டனில் 1930-ஆம் வருஷத்துச் சட்டப்படி 1931 ஜனவரி முதல் அது அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் சாயல்தான் நம் நாட்டு 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் புகுந்து, 1946 ஜூலையில் அமலாகி, இன்று டூவீலர்காரர் முதல் லாரிக்காரர் வரையில் 'தேர்ட் பார்ட்டி' என்று சொல்லும் சொல்லாக நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது.

கட்டாயம் வந்ததும் எல்லையில் ஒரு புதிய உபத்திரவமும் கூடவே வந்தது. உள்ளூர்க்காரர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஓட்டக் கூடாது என்றால் வெளியூர்க்காரர் மட்டும் ஓட்டலாமா? ஆகவே சுங்கச்சாவடியிலேயே அந்தத் தேசத்துப் பாலிசி ஒன்றைச் சில நாளைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மூன்று எல்லைகளைக் கடக்கிறவர் மூன்று முறை பணம் கட்டி, மூன்று முறை வரிசையில் நின்று, மூன்று பாஷைகளில் அச்சடித்த நிபந்தனைகளை வாசிக்காமலே மடித்து வைத்துக்கொண்டார்.

யுத்தம் முடிந்து, உடைந்த பாலங்களைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஜினீவா நகரத்து ஐக்கிய நாடுகளின் மாளிகையில் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷன் என்ற ஸ்தாபனம் 1947 முதல் இயங்கிவந்தது. ஸ்வீடன் தேசத்துப் பொருளாதார மேதை குன்னார் மிர்டால் அதன் நிர்வாகக் காரியதரிசி. போக்குவரத்தைக் கவனிப்பதற்காக அங்கே அமைந்த கமிட்டியின் கிளையொன்று 1949 ஜனவரி 25-ஆம் தேதி ஐந்தாம் எண் சிபாரிசு என்று ஒன்றை நிறைவேற்றியது. உடன்படிக்கை அன்று, சட்டம் அன்று, வெறும் சிபாரிசு. ஒவ்வொரு தேசத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒன்று கூடி ஒரு பீரோவை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பீரோவை அந்தந்த சர்க்கார் அங்கீகரிக்க வேண்டும். பிறகு பீரோக்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிகளால் அடிபட்டவர்களுக்கு உதவும் பொருட்டு 1946-லேயே கம்பெனிகள் சேர்ந்து ஒரு பீரோவை ஏற்படுத்தியிருந்தபடியால், அந்த வேலையும் இயல்பாகவே அதன் தலையில் விழுந்தது. பல தேசத்துப் பீரோக்களையும் இணைக்கும் கவுன்சிலும் லண்டனிலேயே இடம்பிடித்துக்கொண்டது. பீரோக்களிடையே ஏற்பட்ட பரஸ்பர ஒப்பந்தத்தின் வாசகம் 1951-ல் லண்டனில் முடிவாகி, 1953 ஜனவரி முதல் தேதியன்று பச்சை அட்டை நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. முன் சொன்ன ரொட்டிக்காரர் இனி மிலானுக்குப் போக வேண்டியதில்லை. மிலான்காரரின் கம்பெனி யாரென்று தேடவும் வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பீரோவே அந்தக் கம்பெனியின் ஸ்தானத்தில் நின்று, பிரெஞ்சுச் சட்டப்படி, பிரெஞ்சு பாஷையில், அவருக்கு உரியதைக் கொடுத்துத் தீர்த்துவிடும். பிறகு கணக்கெழுதி இத்தாலியப் பீரோவிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். கம்பெனியே திவாலாகிவிட்டாலும் அதன் பீரோ கையை விரிக்க முடியாது. நம் நகரத்தார் ரங்கூனில் எழுதிக் கொடுத்த உண்டியலைக் கொண்டுவந்து காட்டினால், எழுதியவரை ஒருநாளும் கண்ணால் பாராதவர் கடலின் இந்தப் பக்கத்தில் பணத்தை எண்ணி வைத்தாரல்லவா, அந்த நம்பிக்கையின் ஜாதியைச் சேர்ந்ததுதான் இதுவும். ஒரே வித்தியாசம், உண்டியலில் தாளைச் சுமக்கிறவனுக்குப் பணம் கிடைக்கும். பச்சை அட்டையில் தாளைச் சுமக்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது, அவனால் அடிபட்டவனுக்குத்தான் கிடைக்கும். இந்த வித்தியாசத்தை மறந்ததனால் பிரயாணிகள் பட்ட பாட்டைப் பின்னால் சொல்கிறேன். பண விஷயத்தில் அந்நாளில் இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. அந்நியச் செலாவணியை ஒவ்வொரு சர்க்காரும் இறுகப் பிடித்து வைத்திருந்தது. 1952-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் உல்லாசப் பிரயாணம் போகும் பிரிட்டிஷ்காரர் ஒருவர் செலவுக்கு 25 பவுனுக்கு மேல் அந்நிய நாணயம் பெற முடியாது. அப்படிப்பட்ட காலத்தில், நஷ்டஈட்டுக் கணக்கைத் தீர்ப்பதற்கு வேண்டிய பணத்தை எல்லை தாண்டி அனுப்புவதற்கு சர்க்கார்களைச் சம்மதிக்கச் செய்ததே பெரிய காரியம்.

பச்சை அட்டை பிறந்த 1953-ஆம் வருஷத்திலேதான் டோவர் துறைமுகத்தில் கார்கள் தாமே ஓடிக் கப்பலில் ஏறி இறங்குவதற்கான புதிய துறையும் திறக்கப்பட்டது. அதற்கு முன்னாலே, மாட்டைத் தூக்குவதுபோல் வயிற்றின் கீழ் வார் கொடுத்துக் கிரேனால் காரைத் தூக்கிக் கப்பல் தளத்தில் இறக்கிவந்த வழக்கம் ஒன்று உண்டு. 1948 முதல் சில்வர் சிட்டி என்ற விமானக் கம்பெனி, லிம்ப்னேயிலிருந்து பிரான்ஸ் கரையிலுள்ள லெ டுக்கே வரைக்கும் கார்களை மூக்குப் பிளந்த விமானங்களில் ஏற்றிக்கொண்டு பறந்ததும் உண்டு. வசதி பெருகப் பெருகக் கூட்டம் பெருகிற்று. ஜெர்மானியக் குடும்பங்கள் சின்னஞ்சிறு ஃபோக்ஸ்வாகன் வண்டிகளில் பிள்ளை குட்டிகளையும் கூடாரத்தையும் அடைத்துக்கொண்டு, பிரென்னர் கணவாய் வழியாக ரிமினிக் கடற்கரையை நோக்கிப் படையெடுத்தன.

ஆனால் அந்தக் கணவாயின் இருபுறத்திலும் நியாயம் ஒன்றாக இல்லை. பெல்ஜியத்தில் 1956-லும் பிரான்ஸில் 1958-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலமாகவுந்தான் இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. இத்தாலியோ 1969 டிசம்பரில்தான் சட்டம் இயற்றி, 1971-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. இதனால் விளைந்த விபரீதத்தை யோசித்துப் பாருங்கள்: அதுவரையில் ஓர் இத்தாலியர் ரோமாபுரியின் நெரிசலில் ஒரு காசு இன்ஷூரன்ஸ் இல்லாமல் சட்டபூர்வமாக ஓட்டலாம், மலை தாண்டி ஆஸ்திரியாவுக்குள் சக்கரத்தை வைத்த கணத்தில் அட்டை வேண்டும். அயலான் காலை ஒடித்தால் பரிகாரம் உண்டு, அண்டை வீட்டுக்காரன் காலை ஒடித்தால் இல்லை என்பதுபோல் ஆயிற்று.

இனிப் பிரயாணிகள் பட்ட பாடு. நம் ஊரில் 'தேர்ட் பார்ட்டி' என்றும் 'ஃபுல் கவர்' என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்களே, அந்த இரண்டும் எல்லைச் சாவடியில் வழி பிரிந்துவிடும் என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. அட்டை காப்பது பிறரை. தம் சொந்த வண்டி நசுங்கினாலோ திருடு போனாலோ அதற்கும் அட்டைக்கும் சம்பந்தம் இல்லை, அது பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. பிரிட்டனில் முழுப் பாதுகாப்புக்குப் பணம் கட்டியவர், முன்கூட்டிச் சொல்லி நீட்டித்துக்கொள்ளாமல் கடல் தாண்டினால், அக்கரையில் அவருக்கு மிஞ்சியது பல சந்தர்ப்பங்களில் சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்பு மட்டுமே. ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் பச்சை அட்டையோடு ஒரு ஜாமீன் பத்திரமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு போவது வெகுகாலம் வழக்கமாயிருந்தது. அங்கே விபத்தில் ஒருவர் காயப்பட்டுவிட்டால், ஈட்டுத்தொகை கட்டும் வரையில் ஓட்டியவரையும் வண்டியையும் நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு இடம் இருந்தது.

இவற்றையெல்லாம்விட விசித்திரமானது பாஸ்பரஸ் ஜலசந்தியின் கதை. 1961 அக்டோபர் 30-ஆம் தேதி மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஜெர்மன் ஆலைகளுக்கு வேலைக்குப் போன துருக்கியர்கள், சில வருஷங்களில் கார் வாங்கி, கோடை விடுமுறைதோறும் கூரைமேல் மூட்டைகளைக் கட்டிக்கொண்டு யூகோஸ்லாவியாவின் நெடுஞ்சாலை வழியாக ஊர் திரும்பத் தொடங்கினார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே அக்டோபர் 30-ஆம் தேதி, 1973-ல், இஸ்தான்புல் நகரத்தில் பாஸ்பரஸ் பாலம் திறக்கப்பட்டது. மூனிக்கிலிருந்து இரவு பகலாக ஓட்டி வந்தவர் அந்தப் பாலத்தை ஐந்து நிமிஷத்தில் கடந்து ஆசியாவில் இறங்கிவிடுவார். ஆனால் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஜெர்மானியர் எடுக்கும் 'காஸ்கோ' பாலிசி, தனியே நீட்டித்துக்கொண்டாலன்றி, ஐரோப்பாவின் பூகோள எல்லையோடு முடிந்துவிடும். துருக்கியின் கட்டத்தில் கோடு விழாமல் இருந்தால் அட்டை செல்லும், அவர் இடித்தவனுக்கு நஷ்டஈடு உண்டு. அவருடைய சொந்தக் கார் பாலத்தின் மேற்குக் கோடியில் நசுங்கினால் ஒரு நியாயம், கிழக்குக் கோடியில் நசுங்கினால் வேறு நியாயம். கண்டங்களின் எல்லையைப் பற்றிப் பூகோள வாத்தியார்களைத் தவிர வேறு யாரும் கவலைப்பட்டதில்லை என்று எண்ணியிருந்த எனக்கு, இன்ஷூரன்ஸ் பாலிசியின் அந்த வரி ஒரு புதிய கல்வியாக இருந்தது.

அட்டையை எல்லையில் நின்று காட்டும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது 1972 ஏப்ரல் 24-ஆம் தேதி ஐரோப்பிய சமூகம் பிறப்பித்த கட்டளை. அதன் யுக்தி மிக நூதனமானது. வண்டியின் நம்பர் பிளேட் எந்தத் தேசத்தது என்று பார். அந்தத் தேசத்துப் பீரோ பொறுப்பு என்று வைத்துக்கொள். வேறு தாள் கேட்காதே. வண்டிக்கு உண்மையில் இன்ஷூரன்ஸ் உண்டா இல்லையா என்று கேட்பதையே விட்டுவிட்டு, இல்லாவிட்டாலும் அந்தப் பீரோ கொடுத்துத் தீர வேண்டும் என்று செய்துவிட்டார்கள். வண்டிதோறும் எழுதிக் கொடுத்த உத்தரவாதம் தேசம் முழுவதற்கும் பொதுவான உத்தரவாதமாக விரிந்துவிட்டது. ஒன்பது அங்கத்தின தேசங்களோடு ஸ்விட்ஜர்லாந்து, ஆஸ்திரியா, நார்வே, ஸ்வீடன் முதலியவையும் சேர்ந்துகொள்ள, 1974 மே 15-ஆம் தேதி முதல் இவற்றுக்கிடையே சாவடிச் சோதனை நின்றது. பாஸ்போர்ட் கேட்பது அநேக எல்லைகளில் அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு நிற்கவில்லை என்பதை நினைக்க, மனிதனைவிட அவன் வண்டிக்கு முன்னதாகவே விடுதலை கிடைத்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னால் வந்த கட்டளைகளில் இரண்டைச் சொன்னால் போதும். 1990-ஆம் வருஷத்தது, ஒரே பிரீமியத்தில் சமூகத்தின் எல்லாத் தேசங்களுக்கும் பாதுகாப்பு என்றும், சொந்த நாட்டுச் சட்டம், போன நாட்டுச் சட்டம் இரண்டில் எது அதிகம் தருகிறதோ அதுவே அளவு என்றும் விதித்தது. 2000-ஆம் வருஷத்தது, இதுவரை யாரும் கவனியாத ஒருவரைக் கவனித்தது: அந்நிய தேசத்தில் அடிபட்டு ஊர் திரும்பிய பிரயாணி. அடித்தவனுடைய கம்பெனி ஒவ்வொரு அங்கத்தின தேசத்திலும் ஒரு பிரதிநிதியை வைத்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று வந்ததனால், பிரயாணி தம் ஊரிலேயே, தம் பாஷையிலேயே முறையிடலாமென்று ஆயிற்று.

கட்டளைகளைவிட எனக்குப் பிரியமானது, எந்தச் சட்டத்தாலும் அன்றி, கம்பெனிகளின் ஐரோப்பியச் சங்கம் வடிவமைத்துக் கொடுத்த விபத்து அறிக்கைப் படிவம். காரின் கையுறைப் பெட்டியில் கிடக்கும் அந்தப் படிவத்தில் இடதுபுறம் 'ஏ' வண்டிக்கு நீல நிறம், வலதுபுறம் 'பி' வண்டிக்கு மஞ்சள் நிறம். நடுவில் பதினேழு சம்பவங்கள் எண்ணிட்டு நிற்கும் - நின்றுகொண்டிருந்தது, பின்னால் வந்து மோதியது, பின்பக்கமாக ஓட்டியது, வழிவிடும் பலகையை மதிக்கவில்லை என்றிப்படி. எந்தப் பாஷையில் அச்சடித்தாலும் கட்டங்களின் இடமும் எண்ணும் மாறா. ஆகையால் போர்ச்சுகீசியரிடம் இருப்பதும் டேனிஷ்காரரிடம் இருப்பதும் வரிக்கு வரி ஒன்றே. மழையில் நனைந்த பானெட்டின்மேல் படிவத்தை விரித்து, ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத இருவர் ஆளுக்கொரு பக்கம் பெருக்கல் குறி போட்டு, கீழே சாலையின் படத்தைக் குழந்தைகள்போல் கோடு கிழித்து வரைந்து, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று விரலால் தர்க்கம் செய்து, கையெழுத்திட்டு, கார்பன் பிரதியைப் பிரித்துக்கொண்டு போகிறார்கள். தப்பு யாருடையது என்று அந்தத் தாளில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நடந்தது இன்னதென்று மட்டும் இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஏறக்குறைய மறந்தே போயிருந்த அட்டையை மறுபடி தேட வைத்தது பிரிட்டன். ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியவர்களுக்குக் கொடுத்திருந்த இடைக்காலச் சலுகை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தீர்ந்தது. மறுநாள் முதல் பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டுக்குப் பழைய மதிப்பு இல்லை. நாற்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு, கேலே துறையில் இறங்குகிறவர் கையில் தாள் வேண்டும். கேரவன் வண்டியை இழுத்துப் போகிறவருக்கு அந்தக் கேரவனுக்கும் தனியாக ஒரு தாள். வட அயர்லாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள் குறுக்கிடும் எல்லையில், பால் வாங்க அடுத்த ஊருக்குக் காரில் போகிறவரும் சட்டப்படி அட்டையோடு போக வேண்டியவரானார். அரை வருஷத்துக்குப் பிறகு ஐரோப்பியக் கமிஷன் மனம் இரங்கி, 2021 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முதல் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு அட்டை தேவையில்லை என்று அறிவித்தது. இரண்டு மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 28-ஆம் தேதி, இந்த முறை பிரிட்டிஷ் சர்க்காரே ஒரு மாறுதலைச் செய்தது: 1909-ஆம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையின் காலத்திலிருந்து வண்டியின் பின்புறத்தில் இருந்துவந்த 'ஜி.பி.' என்ற எழுத்துகள் இனிச் செல்லா, அவற்றை நீக்கியோ மறைத்தோ 'யு.கே.' என்று ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று. அட்டையின் தொல்லையிலிருந்து தப்பியவர்கள் ஸ்டிக்கர் வாங்கக் கடைக்குப் போனார்கள்.